ஒப்பனையின் மேல் சன்ஸ்கிறீன் ஸ்டிக்: கோளாறைப் பார்த்துப் பதத்தைத் தேர்ந்தெடுத்தல்

திருகோணமலையில் மணப்பெண் அலங்காரமும் விழா ஒப்பனையும் செய்து வருகின்ற எனக்கு, கச்சான் காற்று எழும்புகின்ற மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் முடியும்வரை ஒரே முறைப்பாடு வெவ்வேறு முகங்களோடு வந்துகொண்டேயிருக்கும். காலையில் கண்ணாடியில் சரியாக இருந்த ஒப்பனை, பத்தரை மணிக்கு அதன்மேல் சன்ஸ்கிறீன் ஸ்டிக்கை, அதாவது திருகி வெளியே எடுத்துப் பூசும் வெயிற்காப்புக் குச்சியை, ஒருமுறை இழுத்ததும் குலைந்துவிடுகிறது என்பதே அந்த முறைப்பாடு. சிலருக்கு அது திட்டுத்திட்டாகக் கழன்று வரும்; சிலருக்கு அழுக்குருண்டைபோல் திரளும்; சிலருக்கு முகம் திருநீறு பூசியதுபோல் வெளிறும்; சிலருக்குக் கண் எரியத் தொடங்கும். பெரும்பாலும் ஸ்டிக்கின் தரத்தில் குறை இருப்பதில்லை. அடியில் இருக்கின்ற ஒப்பனைக்கு ஒவ்வாத பதத்தில் அதை வாங்கியிருப்பார்கள். "எண்ணெய்ச் சருமமா, வறண்ட சருமமா?" என்று கடையில் கேட்பது வழக்கம். ஆனால் ஒப்பனையின் மேல் பூசும்போது ஸ்டிக் சருமத்தைத் தொடுவதேயில்லை. அது தொடுவது பவுடரை அல்லது பவுண்டேஷனை. ஆகவே, எதன்மேல் பூசப்போகிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தொடங்குமுன்: அடித்தளமும் பதமும்

காலையில் ஒப்பனைக்கு முன் வழக்கமான சன்ஸ்கிறீன் கிறீமைத் தாராளமாகப் பூசி, அது படிவதற்குப் பதினைந்து நிமிடம் விட்டீர்களா என்பது முதற்கேள்வி. இல்லையென்றால், கீழேயுள்ள எந்தத் திருத்தமும் உங்கள் முகத்தை வெயிலிலிருந்து காக்காது. ஒப்பனையின் மேல் பூசும் ஸ்டிக் காலைப் பூச்சை நிரப்பிக்கொடுக்குமே தவிர, அதன் இடத்தைப் பிடிக்காது.

அடுத்தது, கையிலிருக்கும் ஸ்டிக் எந்தப் பதம் என்பதை அறிவது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் சொற்களை நம்பாமல் ஒரு டிசுவால் சோதித்துவிடலாம். முன்கையின் உட்புறத்தில் ஸ்டிக்கை மூன்று தடவை இழுத்து, இரண்டு நிமிடம் விட்டு, டிசுவை மெல்லிய ஒற்றைப் படலமாகப் பிரித்து அதன்மேல் வைத்து, கையைக் கவிழ்த்துப் பாருங்கள். டிசு விழாமல் ஒட்டிக்கொண்டு தொங்கினால் அது பசைப் பதம். டிசு உலர்ந்தபடி கீழே விழுந்து, பூசிய இடத்தைத் தடவும்போது பட்டுச் சேலையின் உட்புறம்போல் வழுவழுப்பாக இருந்தால் அது பட்டுப் பதம். சிலிக்காத் தூளும் சிலிக்கோன் வகைகளும் கூடுதலாகச் சேர்ந்த ஸ்டிக்குகள் பெரும்பாலும் இப்படி இருக்கும். இழுக்கும்போதே தோலைச் சுருக்கி இழுத்து, வெண்கோடு ஒன்றைப் படியவிட்டால் அது மெழுகுப் பதம். சிங்க் ஒக்சைட் அதிகமாகச் சேர்ந்த, கடற்கரைக்கும் பிள்ளைகளுக்கும் என்று விற்கப்படும் ஸ்டிக்குகள் பலவும் இந்த வகையே. நிறமிட்ட ஸ்டிக் என்பது தனிப் பதம் அன்று. மூன்றிலும் நிறமிட்டவை உண்டு. கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதெல்லாம் பட்டுப் பதம் என்று எண்ணிவிடவும் கூடாது. தெளிவான ஸ்டிக்குகளில் பல, டிசுவை நன்றாகவே பிடித்துக்கொள்கின்றன.

இந்தச் சோதனையைக் குளிரூட்டிய கடைக்குள் செய்ய வேண்டாம். கடை வாசலுக்கு வந்து, வெளிக் காற்றுப் படும் இடத்தில் செய்யுங்கள். உள்ளே பட்டாக இருப்பது வெளியே பசையாக மாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அறிகுறி 1: பவுண்டேஷன் கழன்று, இடையிடையே தோல் தெரிகிறது

இதுதான் அதிகமாக வருகின்ற முறைப்பாடு. கண்ணாடியைப் பார்க்குமுன் ஸ்டிக்கின் நுனியைப் பாருங்கள்.

*நுனியில் பவுண்டேஷன் நிறம் அப்பியிருந்தால்*

ஸ்டிக் ஒப்பனையை வாரிக்கொண்டு வந்திருக்கிறது. மிக எளிய காரணம் கை வேகம். பென்சில் எழுத்தை அழிப்பதுபோல் முன்னும் பின்னும் தேய்ப்பவர்களே அதிகம். ஸ்டிக்கை முகத்தில் இழுப்பதை நிறுத்தி, புறங்கையில் நன்றாகத் தேய்த்து, அங்கே இளகியதை விரல் நுனிகளாலோ உலர்ந்த அடர்த்தியான ஸ்பொஞ்சினாலோ எடுத்து, கன்னம், மூக்கு, நெற்றி என்று இடம் இடமாக ஒற்றுங்கள். ஒற்றுவது என்றால் அழுத்தி, நேராக மேலே எடுப்பது, பக்கவாட்டில் நகர்த்துவதல்ல. பாதிப் பேருக்கு இத்துடன் கோளாறு தீர்ந்துவிடும்.

அதன் பின்னும் வாரினால், ஒப்பனை படியவில்லை என்று கொள்ள வேண்டும். சுத்தமான உலர்ந்த விரலைக் கன்னத்தில் வைத்து ஐந்து வரை எண்ணி எடுத்துப் பாருங்கள். விரல் ரேகையில் நிறம் ஒட்டியிருந்தால் பவுண்டேஷன் இன்னும் ஈரமாகவே இருக்கிறது. மெல்லிய பவுடரை அழுத்திப் பதித்து, ஐந்து நிமிடம் விட்டபின் ஸ்டிக்கை ஒற்றுங்கள்.

படிந்த ஒப்பனையையும் வாருகிறதென்றால் ஸ்டிக் அளவுக்கு மீறி இறுகியது. மெழுகுப் பதம் ஒப்பனையின் மேல் இழுப்பதற்கு உரியதே அல்ல. அதன் நுனியை உள்ளங்கையில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திச் சூடேற்றிப் பார்க்கலாம். காலையில் இது உதவும், மார்கழி மழைக் குளிரில் அவ்வளவாக உதவாது. அடுத்த முறை வாங்கும்போது பட்டுப் பதத்தை வாங்குங்கள். பழையதைக் கழுத்துக்கும் காதுமடலுக்கும் கைகளுக்கும் பயன்படுத்தித் தீர்க்கலாம்.

*நுனி சுத்தமாக இருந்தும் திட்டுத் தெரிந்தால்*

இங்கே ஒப்பனை ஸ்டிக்கோடு வரவில்லை. முகத்திலேயே கரைந்து நகர்ந்திருக்கிறது. மூக்கோரத்தையும் வாயோரத்தையும் பாருங்கள். கரைந்த நிறம் அங்கே வரம்பு கட்டி நிற்கும். பசைப் பதத்தில் இருக்கும் எண்ணெய், பளபளப்பான திரவ பவுண்டேஷனையும் பஞ்சில் ஊறி வரும் குஷன் வகைகளையும் இளக்கிவிடும். அந்தப் பவுண்டேஷனை விட மனமில்லையென்றால் ஸ்டிக்கைப் பட்டுப் பதத்துக்கு மாற்றுங்கள். ஸ்டிக்கை விட மனமில்லையென்றால், பவுடரால் முற்றாக மூடி முடிக்கும் ஒப்பனைக்கு மாறுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு சமாளிக்க வழி இல்லை.

ஏற்கெனவே குலைந்த இடத்தில் பவுடரைக் கொட்டினால் அது களிமண்ணாகிவிடும். ஸ்பொஞ்சின் சுத்தமான முனையால் திட்டின் ஓரத்தை உருட்டி எடுத்து, குறையை மறைக்கும் கன்சீலரை ஒரு புள்ளி வைத்து ஒற்றி, அதன் பின் பவுடரைத் தொடுங்கள்.

*திட்டு நெற்றியின் மேற்கோட்டிலும் தாடையோரத்திலும் மட்டும் இருந்தால்*

ஸ்டிக்கைக் குற்றம் சொல்ல வேண்டாம். உப்புவெளிப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் பாடசாலைக்கு வரும் ஆசிரியை ஒருவர் மூன்று ஸ்டிக்குகளை வாங்கிக் கைவிட்டபின் என்னிடம் வந்தார். அவருடைய ஹெல்மெட்டைக் கழற்றி வாங்கி, உட்பக்கப் பஞ்சைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று மாத பவுண்டேஷன் அதில் படை படையாக இறுகியிருந்தது. தாடைப் பட்டியிலும் அப்படியே. பஞ்சுறையைக் கழற்றித் துவைத்து, ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். ஸ்டிக்கைப் பாடசாலை வாசலில் இறங்கியபின் ஒற்றிக்கொள்ளச் சொன்னேன். அவருக்கு நான்காவது ஸ்டிக் தேவைப்படவில்லை.

*எப்போது மற்றவரிடம் காட்ட வேண்டும்*

கை மாற்றி, படியவிட்டு, பதத்தையும் மாற்றிய பின்னும் கழன்றால், இன்னொரு ஸ்டிக்குக்குப் பணம் செலவழிக்காமல், பவுண்டேஷனுக்கு அடியில் பூசும் பிறைமரிலிருந்து பவுடர் வரை நீங்கள் பூசும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அனுபவமுள்ள ஒப்பனைக் கலைஞர் ஒருவரிடம் செல்லுங்கள். ஒப்பனை இல்லாத முகத்தோடு செல்ல வேண்டும். பூசிய முகத்தைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

அறிகுறி 2: சிறு சிறு உருண்டைகளாகத் திரள்கிறது

அழிறப்பர்த் தூள்போல் உருண்டைகள் வந்தால், அடுக்குகளுள் ஏதோ ஒன்று மற்றொன்றோடு ஒட்டவில்லை. எது என்று கண்டுபிடிக்க முகம் தேவையில்லை. ஒரு மாலை வேளையில் முன்கையில் நான்கு பட்டைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதற்பட்டையில் ஸ்டிக் மட்டும். இரண்டாவதில் ஈரப்பதக் கிறீமும் ஸ்டிக்கும். மூன்றாவதில் அவற்றுக்கு இடையே காலை சன்ஸ்கிறீனும். நான்காவதில் ஒப்பனை முழுவதும். ஒவ்வோர் அடுக்குக்கும் வீட்டில் நீங்கள் உண்மையில் எவ்வளவு நேரம் விடுகிறீர்களோ அவ்வளவே விடுங்கள். சோதனைக்காக நல்ல பிள்ளையாக நடந்துகொள்ள வேண்டாம். எந்தப் பட்டையில் உருண்டை தோன்றுகிறதோ, அதில் புதிதாகச் சேர்ந்த பொருளே காரணம்.

இரண்டாம் பட்டையில் தோன்றினால் கிறீம் உலரவில்லை அல்லது அதிகம், அளவைப் பாதியாக்குங்கள். மூன்றாம் பட்டையில் தோன்றினால், காலை சன்ஸ்கிறீனை ஒருபோதும் குறைக்காமல், காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். நான்காம் பட்டையில்தான் தோன்றுகிறதென்றால், சிலிக்கோன் நிறைந்த பிறைமர், அதன்மேல் பவுண்டேஷன், அதன்மேல் கனத்த பவுடர், அதன்மேல் சிலிக்கோன் நிறைந்த பட்டு ஸ்டிக் என்று அடுக்கு மிகையாகியிருக்கலாம். பிறைமரை விட்டுப் பாருங்கள். அதற்குச் செலவில்லை, பணமும் மிச்சம். முதற்பட்டையிலேயே திரண்டால் ஸ்டிக் பழசாகியிருக்கிறது. மூடி திறந்த டப்பாப் படத்துக்குள் இருக்கும் எண், திறந்தபின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதைக் காட்டும். அதையும் முடிவுத் திகதியையும் பாருங்கள்.

அறிகுறி 3: முகம் சாம்பலாகவோ வெள்ளையாகவோ தெரிகிறது

*நேரில் பார்த்தாலே தெரிந்தால்*

சிங்க் ஒக்சைட்டும் டைட்டானியம் டையொக்சைட்டும் வெண்ணிறத் தூள்கள். நம்முடைய மாநிறத்திலும் கருநிறத்திலும் அவை சாம்பல் பூத்ததுபோல் நிற்கும். முதலில் அளவைக் குறைக்கத் தோன்றும்; அது தவறான திருத்தம், ஏனெனில் பாதுகாப்பும் அதோடு குறையும். ஒற்றிப் பரப்பிப் பாருங்கள். போகவில்லையென்றால், தெளிவான ஸ்டிக்குக்கோ உங்கள் நிறத்துக்கு நெருங்கிய நிறமிட்ட ஸ்டிக்குக்கோ மாறுங்கள். நிறமிட்டதை வாங்கும்போது கன்னத்தோடு ஒப்பிடாமல் தாடையும் கழுத்தும் சேரும் இடத்தில் ஒப்பிடுங்கள். நிறங்கள் இரண்டு மூன்றே வருவதால், சரியாகப் பொருந்துவது எல்லோருக்கும் கிடைக்காது. பொருந்தாத நிறத்தைவிடத் தெளிவானதே மேல்.

*நேரில் நன்றாக இருந்து, படத்தில் மட்டும் வெளுத்தால்*

ஃபிளாஷ் ஒளியை அந்த வெண்தூள்களும், பட்டுப் பதத்திலும் வெண்பவுடரிலும் இருக்கும் சிலிக்காவும் திருப்பியடிக்கின்றன. கலியாண வீட்டுக்குப் புறப்படுமுன் இருட்டு அறையில் தொலைபேசியின் ஃபிளாஷைப் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரவு நிகழ்ச்சிக்கு ஸ்டிக் எதற்கு என்ற கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள். சூரியன் மறைந்தபின் மாலை வரவேற்புக்கு வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் சன்ஸ்கிறீனைப் பூசிக்கொண்டு, படம் வெளுத்துவிட்டதென்று படப்பிடிப்பாளரைத் திட்டுவதை நான் கண்டிருக்கிறேன்.

அறிகுறி 4: எண்ணெய் வழிகிறது, தூசியும் மணலும் ஒட்டுகின்றன

வியர்வையின் மேலும் முகத்து எண்ணெயின் மேலும் பூசியதே முதற்காரணம். ஸ்டிக்கை எடுக்குமுன் டிசுவை முகத்தில் ஒற்றி வியர்வையை எடுத்துவிட வேண்டும். துடைத்தால் காலைப் பூச்சும் போய்விடும். ஒற்றிய பின்னும் பத்து நிமிடத்தில் வழிந்தால், உங்களிடம் இருப்பது பசைப் பதம். மேலே எழுதிய டிசுச் சோதனையைச் செய்யுங்கள்.

பசைப் பதம் கெட்டதென்று நான் சொல்லவில்லை. குளிரூட்டிய அலுவலகத்தில் நாள் முழுவதும் இருந்து, முகம் உலர்ந்து பவுடர் வெடிக்கின்றவர்களுக்கு அதுவே நல்லது. ஆனால் கச்சான் அடிக்கும் மாதங்களில், புழுதி பறக்கும் தெருவில் அதைப் பூசிக்கொண்டு நடப்பது சீனிப்பாகைப் பூசிக்கொண்டு நடப்பதற்குச் சமம். நிலாவெளி மணலில் சொல்லவே வேண்டாம். ஒட்டிய மணலைக் கையால் தட்டும்போது ஒப்பனையும் சேர்ந்து உராய்ந்து போகும். வெளியில் வேலை செய்கிறவர்களுக்குப் பட்டுப் பதமே என் தேர்வு. பட்டுப் பதத்தின் மேலும் வழிகிறதென்றால் பவுடரை மேலும் மேலும் போடாமல், காலையில் பூசும் ஈரப்பதக் கிறீமை இலகுவானதாக மாற்றுங்கள்.

கடலில் இறங்குவதாக இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்குரியதல்ல. புறாத் தீவுக்குப் படகேறுகிற நாளில் ஒப்பனையை விட்டுவிட்டு, நீரில் தாங்குவதாகக் குறிப்பிட்ட சன்ஸ்கிறீனை வெறும் முகத்தில் பூசுங்கள். நீரில் தாங்குவது என்பதும் நாள் முழுவதற்குமல்ல. லேபிள்களில் 40 அல்லது 80 நிமிடம் என்று குறிப்பிடப்பட்டிருக்கும்.

அறிகுறி 5: கண் எரிகிறது, கண்மை கரைகிறது

எந்த நேரத்தில் எரிகிறது என்பதைக் கவனியுங்கள். பூசிய உடனே எரிந்தால் இமைக்கு மிக அருகில் பூசியிருக்கிறீர்கள். அரை மணி நேரத்துக்குப் பின், வியர்க்கும்போது எரிந்தால், நெற்றியில் பூசியது வழிந்து கண்ணுக்குள் இறங்குகிறது. இரண்டாவதே பெரும்பாலும் நடப்பது; ஆனால் எல்லோரும் கண்ணோரத்தில் பூசுவதை நிறுத்திவிட்டு, நெற்றியில் வழக்கம்போல் அப்பிக்கொண்டு, மறுநாளும் எரிகிறதென்று வருவார்கள்.

புருவத்துக்கு மேல் ஒரு விரல் அகலத்தை விட்டு, அதற்கு மேலே பட்டுப் பதத்தை ஒற்றுங்கள். விட்ட இடத்திலும் கண்ணைச் சுற்றியும், வியர்வையோடு எளிதில் வழியாத மெழுகுப் பதத்தை, அதுவும் சிங்க் ஒக்சைட் மட்டுமே சேர்ந்ததை, விரலால் சூடாக்கி மெல்லியதாக ஒற்றலாம். அவோபென்சோன் போன்ற வடிகட்டிகள், அதாவது வெயிற்கதிரைத் தடுக்கச் சேர்க்கும் பொருட்கள், கண்ணில் பட்டால் பலருக்கு எரிவதுபோல் சிங்க் ஒக்சைட் எரிவதில்லை. ஒப்பனைக்கு ஆகாது என்று நான் முன்னர் ஒதுக்கிய மெழுகுப் பதம் தன் வேலையைச் சரியாகச் செய்யும் இடம் இதுதான். கண்மைக்கு மட்டும் எந்த எண்ணெயும் ஆகாது; கீழிமையில் ஸ்டிக் தொட்டால் நீர் புகாத மையும் இறங்கிவிடும். அங்கே கறுப்புக் கண்ணாடி போதும்.

கழுவிய பின்னும் சிவப்பு மாறாவிட்டாலோ, பார்வை மங்கினாலோ, ஒளியைப் பார்க்கக் கூசினாலோ அன்றே கண் வைத்தியரிடம் காட்டுங்கள். கொன்டக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் முதலில் அதைக் கழற்ற வேண்டும்.

அறிகுறி 6: ஸ்டிக் இளகுகிறது, வியர்க்கிறது, உடைகிறது

ஸ்கூட்டியின் இருக்கைப் பெட்டிக்குள் வைத்தீர்களா என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் சிரிப்பார்கள். தேன்மெழுகு தனியாக உருகுவதற்கு 62 முதல் 64 பாகை செல்சியஸ் வேண்டும். எண்ணெய்களோடு கலந்த ஸ்டிக் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். கைப்பையின் உட்பையில், துணியில் சுற்றி வையுங்கள். நுனியில் சிறு எண்ணெய்த் துளிகள் மட்டும் தோன்றினால் டிசுவால் ஒற்றிவிட்டுப் பயன்படுத்தலாம். முழுமையாக உருகி மறுபடி இறுகியதை, உருவம் நன்றாக இருந்தாலும் முகத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். தூள்கள் அடியில் படிந்து, வடிகட்டிகள் சமனாகப் பரவாமல் போயிருக்கலாம். வெட்டிப் பார்த்தால் சில வேளை நிறப்பட்டைகளே தெரியும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்த ஸ்டிக், அறிகுறி 1 இல் சொன்ன மெழுகுப் பதம்போல் ஒப்பனையை வாரும். அரை மணி நேரம் வெளியே வைத்துப் பயன்படுத்துங்கள். உடைவதற்குக் காரணம் அநேகமாக அதிக நீளம் வெளியே திருகுவதே. ஐந்து மில்லிமீற்றர் போதும்.

அறிகுறி 7: எல்லாம் சரியாகச் செய்தும் முகம் கறுக்கிறது

இங்கே பெரும்பாலும் அளவுதான் குறை. பெட்டியில் இருக்கும் எஸ்.பி.எஃப் எண், அதாவது வெயிற்காப்பின் அளவைக் காட்டும் எண், ஒரு சதுர சென்ரிமீற்றர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துப் பெற்றது. முகத்தின் பரப்பை ஏறத்தாழ 600 சதுர சென்ரிமீற்றர் என்று கொண்டால், ஒரு முழுப் பூச்சுக்கு 1.2 கிராம் வேண்டும். 20 கிராம் ஸ்டிக் அந்தக் கணக்கில் பதினாறு பூச்சுகளில் தீர்ந்துவிடும். நாளுக்கு ஒரு தடவை பூசி, மூன்று மாதமாகியும் ஸ்டிக் பாதி இருக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறவர், பெட்டியில் எழுதிய எஸ்.பி.எஃப் 50க்கு அருகில்கூட இல்லை. நகைக்கடைத் தராசு போன்ற சிறிய மின்தராசு வீட்டில் இருந்தால், பூசுமுன்னும் பூசிய பின்னும் ஸ்டிக்கை நிறுத்துப் பாருங்கள். ஒரு கிராமைவிட எவ்வளவு குறைவாகப் பூசுகிறோம் என்பது கண்ணுக்கே தெரியும்.

ஒப்பனையின் மேல் 1.2 கிராம் மெழுகைப் பூசி முகத்தைப் பார்க்கத்தக்கதாக வைத்திருப்பது நடைமுறையில் முடியாது. அதனாலேயே காலைப் பூச்சில் கண்டிப்பாக இருக்கச் சொல்கிறேன். ஸ்டிக்கை ஒவ்வோர் இடத்திலும் நான்கு தடவைக்குக் குறையாமல் ஒற்றி, வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, காதுமடல், வகிடு ஆகியவை மறந்துபோகும் இடங்கள்.

அளவும் நேரமும் சரியென்றால் ஸ்டிக்கின் தரத்தைப் பாருங்கள். எஸ்.பி.எஃப் என்பது தோலைச் சிவக்க வைக்கும் யூ.வி.பி கதிரையே முதன்மையாகக் குறிக்கிறது. கறுப்பதில் பெரும் பங்குடைய யூ.வி.ஏ கதிருக்கு, ஜப்பானிய முறையின் பி.ஏ. குறியில் நான்கு கூட்டல் அடையாளங்கள் இருக்கின்றனவா, அல்லது வட்டத்துக்குள் யூ.வி.ஏ என்று அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.பி.எஃப் 30 யூ.வி.பியில் ஏறத்தாழ 97 சதவீதத்தையும், 50 ஏறத்தாழ 98 சதவீதத்தையும் தடுக்கின்றன என்பதால், எஸ்.பி.எஃப் 100 தேடி விலை கொடுப்பதைவிட இந்தக் குறியைத் தேடுவது பயன் தரும். யூ.வி.ஏ சாதாரணக் கண்ணாடியூடாகவும் வரும் என்பதால், யன்னலோர மேசையில் இருப்பவருக்கும் இது பொருந்தும்.

நம் ஊரில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாட்களில் பிரெட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை நண்பகலில் ஏறிச் செல்கிறவருக்கு எந்த ஸ்டிக்கும் தனியாகப் போதாது. கோட்டைக்குள் திரியும் மான்களே அந்நேரத்தில் மர நிழலை விட்டு அசைவதில்லை. குடையைப் பிடியுங்கள், அல்லது காலை ஏழு மணிக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி 8: வெள்ளைச் சட்டையின் கழுத்தில் மஞ்சட்கறை

அவோபென்சோன் சேர்ந்த ஸ்டிக்கும் இரும்புத்தன்மையுள்ள கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்தால் துருக்கறைபோல் படியும். குளோரின் வெளுப்பான் போட்டால் கறை இன்னும் ஏறும். தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவிச் சிறிது நேரம் வைத்து அலசிப் பாருங்கள். வெள்ளைச் சீருடை அணிகிறவர்கள் கழுத்துக்குச் சிங்க் ஒக்சைட் மட்டும் சேர்ந்த ஸ்டிக்கை வைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி 9: பரு, அரிப்பு, தடிப்பு, மங்கு

*பரு மட்டும் என்றால்*

ஸ்டிக்கின் மெழுகு சாதாரண முகக் கழுவியால் முழுமையாகப் போவதில்லை. இரவில் முதலில் எண்ணெய் வகைச் சுத்திகரிப்பானால் கரைத்து, பின்னர் முகம் கழுவுங்கள். சமையலறைத் தேங்காயெண்ணெயைப் பயன்படுத்தாதீர்கள். அது துளைகளை அடைக்கக்கூடியது. அடுத்து, ஸ்டிக்கின் நுனி. வியர்வை, பழைய பவுண்டேஷன், தூசி எல்லாவற்றையும் தொட்ட நுனியை ஒவ்வொரு முறையும் டிசுவால் வழித்துவிட்டு மூட வேண்டும். அக்கா தங்கைக்கும்கூட இரவல் கொடுக்க வேண்டாம். நான் பார்லரில் ஒருவரின் முகத்தில் ஸ்டிக்கை நேராகத் தொடுவதேயில்லை. சிறு தகட்டால் வழித்தெடுத்துத் தட்டில் வைத்தே பயன்படுத்துகிறேன். இவை இரண்டையும் நான்கு வாரம் கடைப்பிடித்தும் பரு குறையாவிட்டால் பசைப் பதத்தை நிறுத்திப் பாருங்கள்.

*அரிப்பு, எரிவு, தடிப்பு என்றால்*

அன்றே நிறுத்துங்கள், "பழகினால் சரியாகிவிடும்" என்று எவர் சொன்னாலும் கேட்க வேண்டாம். பருவுக்கு வைத்தியர் தந்த ரெட்டினொயிட் பூச்சோ, பென்சோயில் பெரொக்சைட்டோ பயன்படுத்துகிறவர்களுக்குத் தோல் ஏற்கெனவே புண்பட்டிருக்கும். அப்போது எந்த ஸ்டிக்கும் எரியும். பெயரோ பொருட்பட்டியலோ இல்லாத வெண்மையாக்கும் கிறீம் ஒன்றை இரவில் பூசிவிட்டு, பகலில் ஸ்டிக் ஒத்துவரவில்லை என்று வருகிறவர்களும் உண்டு. அத்தகைய கிறீம்களில் ஸ்டீரொயிட்டும் பாதரசமும் பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கின்றன. அவர்களை நான் ஒப்பனை நாற்காலியில் இருத்துவதில்லை, வைத்தியரிடம் அனுப்பிவிடுகிறேன். இந்தக் காரணங்கள் எவையும் இல்லையென்றால், வடிகட்டிகளில் ஒன்று ஒவ்வாமல் இருக்கலாம். ஒக்டோக்ரிலீன், ஒக்சிபென்சோன் ஆகியவற்றுக்கு ஒவ்வாமை ஏற்படுவது அறியப்பட்ட ஒன்று. புதிய ஸ்டிக்கை முழங்கை மடிப்பில் நாளுக்கு இரண்டு முறை, ஒரு வாரம் பூசிப் பார்த்தபின் முகத்துக்குக் கொண்டுவாருங்கள். வெயில் பட்ட இடத்தில் மட்டும் தடித்தால் இந்தச் சோதனை அதைக் காட்டாது. அது வைத்தியர் பார்க்க வேண்டியது.

*கன்னத்தில் மங்கு படர்ந்தால்*

மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் பகை. அதை ஓரளவு தடுப்பது இரும்பு ஒக்சைட் சேர்ந்த நிறமிட்ட ஸ்டிக்கே. ஆகவே இவர்களுக்கு மட்டும், நிறம் சற்றுப் பொருந்தாவிட்டாலும் தெளிவானதைவிட நிறமிட்டதையே சொல்கிறேன். ஆனால் இருக்கும் மங்கை ஸ்டிக் நீக்காது. கருத்தரித்திருப்பவர்களும் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுப்பவர்களும் அதை வைத்தியரிடம் சொல்லியே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

முகமோ இமையோ வீங்கினால், கொப்புளம் கண்டால், மூச்சு இறுகினால் கிளினிக் நாள் வரை காத்திராமல் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அவ்வளவு அவசரமில்லாத அரிப்பும் தடிப்பும் இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். போகும்போது ஸ்டிக்கை மட்டுமல்ல, அது வந்த அட்டைப் பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். பொருட்பட்டியல் முழுவதும் பெரும்பாலும் பெட்டியில்தான் இருக்கும். ஸ்டிக்கின் உடலில் அதற்கு இடமிருப்பதில்லை. பெட்டியை எறிந்துவிட்டீர்கள் என்றால், அடுத்ததை வாங்கியதும் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.